டவுன்ரவுன் கிழக்கில் புதுக் கொண்டோ: பத்து நாளும் அதற்குப் பிந்திய பல வருடங்களும்

விற்பனைக் கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரிக் கட்டடம் நிற்கும். அதற்குப் பல்கனி உண்டு, பல்கனியில் நாற்காலி உண்டு, கீழே கோப்பிக் கடை, சைக்கிளில் போகிற ஒரு குட்டிப் பொம்மைகூட உண்டு. பக்கத்துக் காணிகளில் மட்டும் வெறும் வெள்ளைக் கட்டைகளை வைத்திருப்பார்கள். ரொறொன்ரோவில் ஷேர்போர்ன், டன்டாஸ், குயின், பார்லிமென்ட் தெருக்களை ஒட்டி எழும்புகிற கொண்டோக்களில் (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடுகளில்) ஒன்றை வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கட்டைகளைத்தான்.

“அஞ்சு வருசத்தில இந்த ஏரியாவே மாறிப்போகும்” என்று விற்பனைக்காரர் சொல்வார். மாறும் என்பது பொய்யில்லை. அந்த ஐந்து வருடம்தான் பிரச்சினை. பக்கத்திலுள்ள ரீஜென்ட் பார்க் குடியிருப்பை எடுங்கள். 69 ஏக்கர் நிலம், ஒரே உரிமையாளர், 2,083 சமூக வீடுகள். நகரத்தின் வீட்டுக் கழகமும் தனியார் பில்டரும் சேர்ந்து 2005இல் இடித்துக் கட்டத் தொடங்கினார்கள். நீச்சல் தடாகம் 2012இல் திறந்தது. திட்டமும் அரசியல் ஆதரவும் இருந்தும் 20 வருடம் கழித்து இன்னும் கடைசிக் கட்டங்களில் நிற்கிறது. நாலு தெரு தள்ளி இருக்கும் மொஸ் பார்க்குக்கு அப்படி ஒரே திட்டம் கிடையாது. பூங்கா, இராணுவக் கட்டடம், சமூகக் குடியிருப்புக் கோபுரங்கள், வீடற்றோர் தங்குமிடங்கள், தனியார் காணிகள் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. குயினும் ஷேர்போர்னும் சந்திக்கும் இடத்தில் ஒன்ராறியோ லைன் என்ற புதுச் சுரங்க ரயில் பாதையின் 15 நிலையங்களில் ஒன்று வருகிறது. அது நல்ல செய்தி. ஆனால் அதே லைனுக்காகக் குயின் தெருவின் நடுத்துண்டு 2023 மே மாதத்திலிருந்து பல வருடங்களுக்கு வாகனங்களுக்கு மூடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்பனைக்காரர் ஐந்து என்றால் நீங்கள் பத்து என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்து வருடம் இன்று இருக்கிற தெருவிலேயே இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

தங்குமிடங்கள் உங்களுக்காக இடம்மாறப் போவதில்லை. மாறவும் தேவையில்லை. அந்தச் சனம் அங்கே முதலில் இருந்தது. இதற்குச் சற்று வடக்கே செயின்ட் ஜேம்ஸ் டவுனில் 80களின் கடைசியில் வந்திறங்கிய எங்கள் ஆட்கள் பலர் குடியிருந்தபோது அதையும் “கூடாத இடம்” என்றுதான் சொன்னார்கள். வாசலில் யாரும் படுத்திருக்கக் கூடாது என்பது உங்கள் நிபந்தனையென்றால் வேறு இடம் பாருங்கள்.

வெள்ளைக் கட்டைகளுக்கு வருவோம். இப்படிப்பட்ட இடத்தில் பக்கத்திலுள்ள ஒவ்வொரு இரண்டு மாடிக் கடையும் நாளைய கோபுரம். நகரசபையின் விண்ணப்பத் தகவல் மையம் இணையத்தில் உண்டு. வரைபடத்தில் உங்கள் தெருவை அழுத்தினால் சுற்றியுள்ள ஒவ்வொரு அபிவிருத்தி விண்ணப்பமும் எத்தனை மாடி, எந்த நிலையில் என்று வரும். உயர் கட்டடங்களுக்கான நகர வழிகாட்டி இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 25 மீட்டர் இடைவெளி கேட்கிறது, அதாவது காணி எல்லையிலிருந்து ஆளுக்கு 12.5 மீட்டர். உங்கள் சாளரத்திலிருந்து எல்லை அதைவிடக் கிட்டவா என்று தளப்படத்தில் அளந்து பாருங்கள். எல்லை கிட்டவாக இருந்து, பக்கத்துக் காணி பெரிதாகவும் இருந்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தற்காலிகமானது. “தடையில்லாத காட்சி” என்று கூடுதல் காசு கொடுப்பது வீண். ஒப்பந்தத்திலும் காட்சிக்கு உத்தரவாதம் இல்லையென்று ஒரு வரி எங்காவது இருக்கும்.

காணி பற்றி இன்னும் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகளை இடித்துக் கட்டினால் அவற்றுக்கு ஈடான வாடகை வீடுகளைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பது நகரத்தின் விதி. அவை உங்கள் கட்டடத்துக்குள்ளேயே வரக்கூடும். அதில் குறையேதுமில்லை, ஆனால் லிஃப்ட், குப்பைக் குழாய், வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றின் செலவை இரண்டு பகுதியும் எப்படிப் பங்கிடுகின்றன என்ற உடன்படிக்கை, பில்டர் வாங்குவோருக்குக் கொடுக்கும் வெளிப்படுத்தல் ஆவணத்தில் இருக்கும், அதை வாசிக்க வேண்டும். மற்றது மண். பெற்றோல் நிலையம், உடை உலர்சலவைக் கடை, தொழிற்சாலை இருந்த காணியில் வீடு கட்டுமுன் மாகாணத்தின் சுற்றாடல் பதிவேட்டில் நிலத்தின் நிலை பற்றிய பதிவு போட வேண்டும். அது எவரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவு.

இடத்தைப் பார்க்கப் போவது சனிக்கிழமைப் பகலில் அல்ல. நவம்பர் மாதம், வார நாள், இரவு பத்தரைக்கு ஸ்ட்ரீட்கார் தரிப்பிலிருந்து கட்டடம் வரப்போகும் இடம்வரை நடந்து பாருங்கள். திரும்ப ஒருக்கால் ஞாயிறு காலை ஆறரைக்கு. பார்க்க வேண்டியது சனத்தை அல்ல, கட்டடம் தெருவோடு எப்படிச் சேர்கிறது என்பதை. வாகனக் கதவு ஒழுங்கைக்குள் திறக்கிறதா, பெருந்தெருவிலா? ஒழுங்கைக் கதவென்றால் மெதுவாக மூடும் கதவுக்குப் பின்னால் யாரும் நுழையலாம். சைக்கிள் அறை, சேமிப்பு அறைத் திருட்டுகள் பெரும்பாலும் அந்த வழியால்தான். முன்வாசலுக்கு இரண்டு கதவும் நடுவில் பூட்டிய முன்கூடமும் உண்டா? பொதிகளுக்குத் தனி அறை உண்டா, அல்லது வரவேற்பு மேசைக்குப் பின்னால் குவிப்பார்களா? கீழ்த்தளக் கடைகள் யாருக்குச் சொந்தம்? படத்தில் உள்ள கோப்பிக் கடை அங்கே வரும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. வருடக்கணக்கில் கடதாசி ஒட்டிய கண்ணாடியாக இருக்கலாம், அதன் முன் மூலை இரவில் இருட்டு மூலையாகவும் இருக்கலாம்.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு கணக்கு. இந்தப் பகுதியில் 24 மணிநேரக் காவலாளரை வெட்டிச் செலவைக் குறைக்க முடியாது. வாரத்துக்கு 168 மணிநேரம், வருடத்துக்கு 8,736. மணிக்கு 28 டொலர் என்று வைத்துக்கொண்டால் வருடம் 244,608 டொலர். 400 வீடுள்ள கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 51 டொலர். 150 வீடுள்ள “பூட்டிக்” கட்டடத்தில் 136 டொலர். சின்னக் கட்டடம் அமைதியானது என்பார்கள், சரி. ஆனால் இதே பெருக்கல் லிஃப்ட் பராமரிப்புக்கும் முகாமையாளர் சம்பளத்துக்கும் பொருந்தும். கட்டடத்தின் முதல் வருட வரவுசெலவுத் திட்டத்தை எடுத்து, காவலுக்கு எத்தனை மணிநேரம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 16 மணிநேரம் போட்டிருந்தால் இரண்டாம் வருடம் மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏறுவதற்கு அது ஒன்றே போதும்.

அதே திட்டத்தில் இல்லாதவற்றையும் தேட வேண்டும். வெப்ப இயந்திரத்தை மூன்றாம் ஆளிடமிருந்து வாடகைக்கு எடுத்து அதை மாதாமாதம் உங்கள் தலையில் கட்டும் ஒப்பந்தம், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனித்தனி உபமீட்டர் நிறுவனம், விருந்தினர் அறையை, வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்த கொண்டோ சங்கமே பில்டரிடமிருந்து கடனில் வாங்க வேண்டும் என்ற வரி: இவையெல்லாம் பராமரிப்புக் கட்டணம் குறைவாகத் தெரிவதற்கான வழிகள். பரப்பளவும் அப்படித்தான். வெளிச்சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து, பக்கத்து வீட்டுச் சுவரின் நடுக்கோடுவரை அளப்பார்கள். ஐந்நூற்றுச் சொச்சம் சதுர அடி வீட்டில் இப்படிச் சுமார் 30 சதுர அடி சுவருக்குள்ளேயே போய்விடும். கட்டில் வாங்குமுன் தெரிந்திருப்பது நல்லது.

பத்து நாள் என்பது இதுதான். ஒன்ராறியோவின் 1998 கொண்டோமினியம் சட்டப்படி, பில்டரிடமிருந்து நேரே புதிதாக வாங்குகிறவர் பத்து நாளுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் எழுத்தில் அறிவித்து விலகலாம். கட்டிய காசு முழுதும் திரும்ப வரும். கையொப்பமிட்ட ஒப்பந்தம், வெளிப்படுத்தல் ஆவணம், 2021 ஜனவரியிலிருந்து கட்டாயமான கொண்டோ வாங்குவோர் கையேடு ஆகிய மூன்றில் கடைசியாக எது கைக்கு வந்ததோ அந்த நாளிலிருந்து கணக்கு. வார இறுதியும் நாள்தான். கிடைத்த திகதியை எழுதி வையுங்கள். பில்டரின் வங்கி சொன்ன வீட்டுக்கடன் முன் அனுமதிக் கடிதத்துக்காக அலைந்து ஏழு நாளைத் தொலைத்துவிட்டு எட்டாம் நாள் சட்டத்தரணியைத் தேடுவது வழமையான பிழை. கையொப்பமிட முன்னரே சட்டத்தரணியோடு நேரம் பேசி வைத்து, இரண்டாம் நாள் ஆவணம் அவர் கையில் இருக்க வேண்டும். கட்டி முடிக்குமுன் விற்கும் கொண்டோ முன்விற்பனையைத் தினமும் செய்கிறவராக இருக்க வேண்டும். வீட்டு விற்பனைக்கு மட்டும் பத்திரம் எழுதுகிறவர் போதாது.

சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியவை: ஒப்பந்தத்தோடு வரும் டாரியன் (ஒன்ராறியோவின் புது வீட்டு உத்தரவாத அமைப்பு) இணைப்பின் பி அட்டவணையை எடுத்து இரண்டாம் பகுதியைப் பாருங்கள். முதல் பகுதியில் விலைக்கு மேலாகக் கட்ட வேண்டிய தொகை எழுதியிருக்கும். இரண்டாம் பகுதியில் தொகை இருக்காது, “பின்னர் தீர்மானிக்கப்படும்” வகையறா. நகரம் பில்டரிடம் வாங்கும் அபிவிருத்திக் கட்டணத்தின் உயர்வு, கல்வி வரி, பூங்கா வரி, மீட்டர் பொருத்தும் செலவு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அபிவிருத்திக் கட்டணம் கணக்கிடப்படும்போது ஏறியிருந்தால் அந்த ஏற்றம் உங்களுடையது. உச்சவரம்பு ஒன்று எழுத்தில் வேண்டும். விற்பனை மந்தமான காலத்தில் பில்டர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், பத்தாம் நாளுக்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். கூடவே ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றும் உரிமையும் அதன் கட்டணமும், இடைக்காலக் குடியிருப்பில் (சாவி கிடைத்த பின் கட்டடம் பதிவாகும்வரையான காலம்) வாடகைக்கு விடும் உரிமையும் கேளுங்கள். மாற்றி விற்று இலாபம் எடுக்கலாம் என்ற கணக்கு இப்போது அவ்வளவு இனிப்பில்லை. 2022 மே 7இலிருந்து அப்படி மாற்றுவதற்கு எச்.எஸ்.டி என்ற விற்பனை வரி உண்டு, 2023இலிருந்து ஒரு வருடத்துக்குள் விற்றால் வரும் இலாபம், விதிவிலக்கு இல்லாதபட்சத்தில், வியாபார வருமானமாகவே வரி கட்டும்.

வைப்புப் பணம் பொதுவாகக் கையொப்பத்தின்போது ஒரு சிறு தொகை, பின் 30 நாளில், பிறகு மாதங்களாகப் பிரித்து 15 முதல் 20 சதவீதம்வரை. அது நம்பிக்கைக் கணக்கில் (டிரஸ்ட் கணக்கு) இருக்க வேண்டும், அல்லது அதற்குப் பதில் காப்புறுதி இருக்க வேண்டும். காசோலையைப் பில்டரின் பெயருக்கல்ல, நம்பிக்கைக் கணக்கு வைத்திருக்கும் சட்ட நிறுவனத்தின் பெயருக்கு எழுதுங்கள். டாரியன் தன் பங்காக 20,000 டொலர்வரை பொறுப்பேற்கும். பில்டரின் உரிமத்தை வீடு கட்டுவோர் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பார்க்கலாம். முன்பு எத்தனை கட்டடம் முடித்திருக்கிறார் என்பதும் அங்கே தெரியும். கட்டுமானக் கடன் எடுக்க வீடுகளின் பெரும்பகுதி விற்றிருக்க வேண்டும், 70 சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. விற்காவிட்டால் திட்டம் நின்றுபோகும். காசு திரும்ப வரும், ஆனால் மூன்று, நாலு வருடம் திரும்ப வராது. முன்கூட்டிய முடிவு நிபந்தனைகள் என்ற பக்கம் அதற்காகத்தான் இருக்கிறது.

திகதிகள் ஒரே பக்கத்தில் இருக்கும்: முதல் தற்காலிகக் குடியேற்றத் திகதி, அதன் பின் உறுதித் திகதி, கடைசியில் இறுதி எல்லைத் திகதி. தற்காலிகத் திகதியை 90 நாள் முன்னறிவித்தல் கொடுத்துத் தள்ளலாம். உறுதித் திகதி தவறினால் நாளுக்கு 150 டொலர், மொத்தம் 7,500 டொலர்வரை நட்டஈடு. வேலைநிறுத்தம், தீ போன்ற தவிர்க்க முடியாத தாமதத்துக்கு இது பொருந்தாது. இறுதி எல்லையும் தாண்டினால் விலக உங்களுக்கு 30 நாள் உண்டு. விற்பனைக் கூடத்தில் வாயால் சொல்லும் வருடம் முதல் திகதி. உங்கள் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டியது கடைசித் திகதியை வைத்து.

சாவி கிடைத்தாலும் வீடு உங்களுடையதல்ல. கட்டடம் கொண்டோவாகப் பதிவாகும்வரை இடைக்காலக் குடியிருப்பு. அந்தக் காலத்தில் மாதக் கட்டணம் மூன்று பகுதி: மீதி விலைக்கு வட்டி, உத்தேச சொத்துவரி, பராமரிப்புக் கட்டணம். 650,000 டொலர் வீடு, 20 சதவீதம் கட்டியாயிற்று என்றால் மீதி 520,000. வட்டி 6 சதவீதம் என்று கொண்டால் மாதம் 2,600. வரி 250, பராமரிப்பு 420. மொத்தம் 3,270 டொலர். இதில் ஒரு சதம்கூடக் கடனில் கழியாது. கீழ்மாடிகளில் முதலில் குடியேற்றுவார்கள், மேல்மாடிகள் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். ஆகவே நாலாம் மாடிக்காரர் முப்பதாம் மாடிக்காரரைவிடப் பல மாதம் கூடுதலாக இந்தக் கட்டணம் கட்டுவார், தலைக்குமேல் துளையிடும் சத்தத்தோடும், கீழே 505 ஸ்ட்ரீட்கார், அம்புலன்ஸ் சத்தத்தோடும். கீழ்மாடி விலை மலிவென்று எடுக்கும்போது இதையும் கூட்டிப் பாருங்கள்.

சாவிக்கு முன் நடக்கும் ஒப்படைப்புக்கு முந்திய பரிசோதனைக்கு ஒரு மணிநேரம்தான் தருவார்கள். கொண்டுபோக வேண்டியவை: டோர்ச், ஒரு போன் சார்ஜர், ஒட்டுநாடா, ஒரு கோலிக்குண்டு, ரிசூ தாள். முதலில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை ஓடவிடுங்கள், மற்றதைப் பார்க்கும் நேரத்தில் அது ஒழுகுகிறதா என்று தெரியும். குளியல் தொட்டியிலும் கழுவுதொட்டியிலும் தண்ணீர் நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கழுவுதொட்டிக் குழாய் கீழே ஈரமாகிறதா என்று கையால் தடவுங்கள். காற்றுப்போக்கியில் ரிசூவை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். எல்லா மின்செருகிகளிலும் சார்ஜர். குண்டைத் தரையில் வைத்தால் ஓடக்கூடாது. பல்கனிக் கதவைப் பூட்டி, ஓரமாகக் கையை வைத்துக் குளிர் வருகிறதா என்று பாருங்கள். கல்மேடை, தொட்டி, கண்ணாடி, தரை இவற்றில் உள்ள கீறலை அன்றே படிவத்தில் எழுதாவிட்டால் பிறகு “நீங்கள் குடிவந்து கீறியது” என்பார்கள். இயங்காதது பிறகும் நிரூபிக்கலாம், கீறல் முடியாது. தண்ணீர் அடைப்பு வால்வு எங்கே என்று கேட்டுப் படம் எடுங்கள். புதுக் கட்டடத்தின் முதல் வருடம் தண்ணீர்க் கசிவுகளின் வருடம்.

பதிவான பின் இறுதி முடிப்பு, வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள். இங்கே மூன்று இடத்தில் சனம் விழுகிறது. ஒன்று எச்.எஸ்.டி. விலையில் வரி சேர்ந்திருக்கிறது என்பது நீங்களோ நெருங்கிய குடும்பத்தவரோ குடியிருந்தால் மட்டும். வாடகைக்கு விடுகிறவர் 450,000 டொலருக்கு மேற்பட்ட வீட்டில் மாகாணக் கழிவான 24,000 டொலரை முடிப்பன்று பில்டரிடம் கட்டி, குத்தகை ஒப்பந்தத்தைக் காட்டி வருமான வரித் திணைக்களத்திடம் பின்னர் கேட்க வேண்டும். முதல்முறை வாங்குவோருக்கு 2025இல் அறிவித்த ஜி.எஸ்.டி (எச்.எஸ்.டியின் மத்திய அரசுப் பகுதி) சலுகை உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் ஒப்பந்தத் திகதியை வைத்துச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். இரண்டு, நிலமாற்ற வரி. ரொறொன்ரோவில் மாகாணத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனி. 650,000 டொலருக்கு இரண்டும் சேர்த்து 19,000 டொலர் அளவில் வரும். முதல்முறை வாங்குவோருக்கு 4,000, 4,475 என்று கழிவு.

மூன்றாவதுதான் ஆளை அடிப்பது: வங்கி மதிப்பீடு. அந்தப் பழைய முன் அனுமதிக் கடிதம் இப்போது வெறும் கடதாசி. வங்கி அன்றைய மதிப்புக்குத்தான் கடன் கொடுக்கும். அதே 650,000 டொலர் வீட்டை 570,000 என்று மதிப்பிட்டால் 80 சதவீதம் 456,000. உங்களுக்குத் தேவை 520,000. குறை 64,000 டொலர், இதர செலவுக்கு மேலாக, காசாக. 2021, 2022 உச்சத்தில் ஒப்பமிட்ட பலர் இந்தக் குழிக்குள்தான் விழுந்தார்கள். “மாறிக்கொண்டிருக்கும் பகுதி” என்ற எதிர்பார்ப்பு முதல் நாளே விலைக்குள் ஏறியிருக்கும், ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் பக்கத்துத் தெருவில் போன மாதம் விற்ற விலையைத்தான் பார்ப்பார். விலையில் பத்திலொரு பங்கையாவது ஒதுக்கி வைக்க முடியாதென்றால் கையொப்பமிடாதீர்கள்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்குச் சுருக்கமாக: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதல் குடியேறிய வீட்டுக்கு வருடாந்த வாடகை உயர்வு வரம்பு கிடையாது. குறுகியகால வாடகை சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டில் மட்டும், முழு வீடாக வருடத்துக்கு 180 இரவு. காலியாக வைத்திருந்தால் 2024 வரியாண்டிலிருந்து மதிப்பின் 3 சதவீதம் வெற்று வீட்டு வரி. ஆள் குடியிருந்தாலும் வருடாவருடம் அறிவித்தல் படிவம் நிரப்ப வேண்டும். மறந்தால் காலி என்றே எடுப்பார்கள்.

பில்டரின் கையிலிருந்து சங்கம் மாறும் கைமாற்றுக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். பதிவாகி ஆறாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் இடையில் பொறியியலாளரைக் கொண்டு பொதுப் பகுதிகளின் செயற்பாட்டுப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாகனத் தளத்தில் சுவர் ஒழுகுவது, கூரை, வெளிக்கண்ணாடி எல்லாம் அந்த அறிக்கைக்குள் வந்தால்தான் பில்டரின் செலவில் திருத்தலாம். முதல் வருடச் செலவு திட்டத்தைத் தாண்டினால் அந்தக் குறையைப் பில்டர் கட்ட வேண்டும், அதைக் கேட்டு வாங்குவது வீட்டுக்காரர் தெரிவுசெய்த புதுச் சபையின் வேலை. உங்கள் வீட்டுக்குள்ளான உத்தரவாதம் சாவி வாங்கிய நாளிலிருந்து ஓடும், பொதுப் பகுதிக்கானது பதிவான நாளிலிருந்து. நடைபாதைக் கூரை ஒழுகினால் டாரியனுக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். அதைச் சபைக்கு எழுத வேண்டும், படத்தோடும் திகதியோடும், பத்தாம் மாதத்துக்கு முன்.